ஸ்டாதில் வாத்தியாரும் திறந்து பார்க்காத கணக்குக் கொப்பியும்

டேனிஷ் குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்த நாட்களில் சமையலறை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தேன். 1849, 1866, 1901, 1915, 1920, 1953. பருப்புப் போத்தலை எடுக்கக் கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு ஆண்டைச் சொல்லிப் பார்ப்பேன். 1849 முதலாவது அரசியலமைப்பு, 1915 பெண்களுக்கு வாக்கு, 1920 தெற்கு யூட்லாந்தின் ஒரு பகுதி ஜெர்மனியிடம் இருந்து திரும்பி வந்தது. இவையெல்லாம் மனதில் நின்றன. 1901 மட்டும் நிற்கவே மாட்டேன் என்றது. 'சிஸ்டம்ஸ்கிஃப்டெ', அதாவது ஆட்சிமுறை மாறியது என்று புத்தகத்தில் போட்டிருந்தது. போர் இல்லை, புரட்சி இல்லை, ஒருவரும் சாகவில்லை. ஒரு வயதான ராசா மனம் மாறினார், அவ்வளவுதான். இதை எதோடு சேர்த்து ஞாபகம் வைப்பது?

பரீட்சை பாஸாகி, கடவுச்சீட்டும் கைக்கு வந்து, கனகாலம் கழித்துத்தான் ஒன்று தெரிந்தது. அந்த 1901க்குப் பின்னால் நின்று கயிறு இழுத்த ஆள், நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் இருந்து காரில் முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். பெயர் யென்ஸ் கிறிஸ்தியான் கிறிஸ்டென்சன். அமைச்சரானார், பிரதமரானார், பிறகு குற்றவாளிக் கூண்டு வரைக்கும் போனார்.

என் அப்பாவும் வாத்தியார். வடமராட்சியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்குப் படிப்பித்தவர். ஆகவே வாத்தியார் வீட்டுப் பிள்ளையின் கண்ணோடுதான் இந்த ஆளின் கதையை வாசித்தேன். அதில் பக்கச்சார்பு இருந்தால் இருக்கட்டும்.

கிறிஸ்டென்சன் பிறந்தது 1856 நவம்பர் 21ஆம் தேதி, மேற்கு யூட்லாந்தின் போபோல் என்ற இடத்தில். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் முழுக்க ஹீத் புதர் மண்டிய வறண்ட வெளி. உழுதால் மணல், உழாவிட்டால் புதர். கமக்காரர் வீட்டுப் பிள்ளை, சிறுவனாக ஆடு மேய்த்தவர். 1877இல் கெட்வெட் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தேறினார். 1886இல் ரிங்கோபிங் நகருக்கு வடக்கே ஸ்டாதில் கிராமத்தில் ஆசிரியராகவும் தேவாலயப் பாடகராகவும் அமர்ந்தார்.

இந்த இரட்டை வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1814ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி டென்மார்க்கில் எல்லாப் பிள்ளைகளும் படித்தாக வேண்டும். ஏழு வயதில் தொடங்கி, தேவாலயத்தில் உறுதிபூசுதல் எடுக்கும் வரைக்கும். ஆகவே ஒவ்வொரு கிராமச் சபைக்கும் ஒரு பள்ளிக்கூடம், ஒரு வாத்தியார். வார நாட்களில் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எழுந்து நின்று சனத்துக்கு முன்னே பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். பாதிரியார்தான் மேலதிகாரி. சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் ஊரில் சட்டத்தை வாசித்து விளங்கக்கூடிய ஆட்கள் இரண்டு பேர்தான், பாதிரியாரும் வாத்தியாரும். பாதிரியார் அரசாங்கத்தின் ஆள். மனு எழுத, கூட்டக் குறிப்பு எழுத, சங்கக் கணக்குப் பார்க்கக் கமக்காரர் யாரிடம் போவார்கள்?

கணக்குப் பார்க்கவும் அந்தக் காலத்தில் நிறைய இருந்தது. 1882இல், போபோலில் இருந்து அதிக தூரம் இல்லாத யெடிங் கிராமத்தில் டென்மார்க்கின் முதலாவது கூட்டுறவுப் பாற்பண்ணை தொடங்கியது. யாரிடம் எத்தனை மாடு என்பது பார்க்கப்படவில்லை, ஆளுக்கு ஒரு வாக்கு. சில வருடங்களுக்குள் நாடு முழுக்கப் பாற்பண்ணைகள் முளைத்தன, வெண்ணெய் பீப்பாய் பீப்பாயாக இங்கிலாந்துக்குப் போனது. என் குளிர்ப்பெட்டியில் இருக்கும் லூர்பாக் வெண்ணெயில் இரண்டு வளைந்த கொம்புகள் பின்னியபடி இருக்கும், பார்த்திருப்பீர்கள். 'லூர்' என்பது அந்தப் பழங்காலத்து ஊதுகொம்பு. டேனிஷ் வெண்ணெய்க்கு அந்த முத்திரையைப் பதிவு செய்தது எந்த ஆண்டு என்று நினைக்கிறீர்கள்? 1901. இதை முன்னமே யாராவது சொல்லியிருந்தால் நான் அலுமாரிக் கதவில் தாள் ஒட்டியிருக்கத் தேவையில்லை.

வாத்தியார் அரசியலுக்குப் போவது அங்கே புதிதும் இல்லை. கிறிஸ்டென்சனுக்கு முந்திய தலைமுறையில் கிறிஸ்தன் பெர்க் என்று ஒருவர் இருந்தார். அவரும் மேற்கு யூட்லாந்துக்காரர், ஆசிரியர், பிறகு பத்திரிகைகள் நடத்தியவர். கமக்காரர் கட்சியான வென்ஸ்ட்ரவின் பெரிய தலை. 1885இல் ஹோல்ஸ்டெப்ரோவில் அரசியலமைப்பு நாள் கூட்டம். பேச்சாளர் மேடையில் தானும் இருப்பேன் என்று ஊர்ப் பொலிஸ் அதிகாரி ஏறினார். பெர்க் இடம் கொடுக்கவில்லை. அதிகாரியை மேடையில் இருந்து இறக்கிவிட்டார்கள். அதற்காகப் பெர்க்குக்கு ஆறு மாதச் சிறை. வகுப்பறையில் கேட்காமல் நுழைகிற ஆளை வெளியே நிற்க வைக்கிற பழக்கம் போகவில்லை போலிருக்கிறது.

அந்த ஆறு மாதத்துக்குப் பின்னால் இருந்த சண்டை இதுதான். நாடாளுமன்றத்தின் கீழவை ஃபோல்கெதிங். 1872 முதல் அங்கே பெரும்பான்மை வென்ஸ்ட்ரவிடம். ஆனால் அரசாங்கத்தை அமைப்பது ராசா. ராசா கேட்பது பண்ணையாரும் அதிகாரிகளும் நிறைந்த மேலவையை. 1875இல் எஸ்ட்ரூப் என்ற பெரிய நிலவுடைமையாளர் பிரதமரானார். கீழவை அவருடைய வரவு செலவுத் திட்டத்தை நிராகரித்தது. அவர் ராசாவின் கையெழுத்தோடு தற்காலிகச் சட்டம் போட்டு வரி அறவிட்டு, கோபன்ஹேகனைச் சுற்றிக் கோட்டை கட்டினார். 1885 முதல் 1894 வரை ஒவ்வொரு வருடமும் இதே கூத்து. நடுவில் ஓர் இளைஞன் எஸ்ட்ரூப்பை நோக்கித் துப்பாக்கியால் சுட, சூடு கோட்டுப் பொத்தானில் பட்டு ஆள் தப்பினார். அதைச் சாட்டிப் புதிதாகக் காவற்படை ஒன்றும் வந்தது.

இந்த நிலைமையில்தான் 1890 தேர்தலில் ஸ்டாதில் வாத்தியார் ரிங்கோபிங் தொகுதியில் வென்றார். அன்றைக்கு இரகசிய வாக்கு கிடையாது. சனம் கூடி, எல்லார் முன்னாலும் கை உயர்த்த வேண்டும். உன் நிலச்சொந்தக்காரனும் பாதிரியாரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்படி உயர்ந்த கைகளால் ஃபோல்கெதிங்குக்குப் போனவர், 1924 வரை, 34 வருடம், அதே தொகுதியில் அசையவில்லை. இடையில் நடந்ததையெல்லாம் பார்த்தால் இந்த 34 என்ற எண் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

மேடையில் முழங்குகிறவர்கள் அந்தக் கட்சியில் வேறு பேர் இருந்தார்கள். விகோ ஹோருப் அப்படி ஒருவர். ராணுவச் செலவைப் பற்றி "அதனால் என்ன பயன்?" என்று அவர் கேட்டது இன்றைக்கும் பழமொழி மாதிரிப் புழங்குகிறது. கிறிஸ்டென்சனின் திறமை வேறு. யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு என்ன வேண்டும், யார் எப்போது களைப்பார்கள் என்று பார்த்து வைத்திருப்பது. நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில், வேறு வேறு வயதில் வைத்துப் படிப்பித்த ஆளுக்கு அது வராமல் போனால்தான் அதிசயம். 1894இல் கட்சியின் மிதவாதிகள் வலதுசாரிகளோடு சமாதானமாகிப் போனபோது அவர் சேரவில்லை. அடுத்த வருடம் சிதறிக் கிடந்தவர்களைக் கூட்டி வென்ஸ்ட்ர சீர்திருத்தக் கட்சியை உருவாக்கினார். பிறகு காத்திருந்தார். அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் வலதுசாரிகள் தேய்ந்துகொண்டே வந்தார்கள்.

1901 ஏப்ரல் தேர்தல்தான் இரகசிய வாக்கோடு நடந்த முதலாவது தேர்தல். 114 இடங்களில் வலதுசாரிகளுக்குக் கிடைத்தது எட்டு. ராசா ஒன்பதாம் கிறிஸ்தியானுக்கு வயது 83. எட்டுப் பேரை வைத்து இனி எந்த அரசாங்கத்தை ஓட்டுவது? ஜூலை 24ஆம் தேதி வென்ஸ்ட்ர அரசாங்கம் பதவி ஏற்றது. பிரதமர் நாற்காலி மட்டும் டொய்ன்ட்சர் என்ற சட்டப் பேராசிரியருக்கு. மரியாதைக்குரிய கோபன்ஹேகன்காரர், ராசாவின் தொண்டையில் சிக்காமல் இறங்கக்கூடியவர். முதல் தடவையாக ஒரு கமக்காரரும் அமைச்சரானார், ஓலெ ஹான்சன், விவசாய அமைச்சு. ஸ்டாதில் வாத்தியாருக்குக் கிடைத்தது தேவாலயமும் கல்வியும் சேர்ந்த அமைச்சு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சிரிக்கலாம். அந்த 1901 வரைக்கும் அவர் ஸ்டாதிலில் வாத்தியார்தான், தேவாலயப் பாடகர்தான். பாதிரியார் கண்ணைக் காட்டினால் பாட்டை எடுக்க வேண்டிய ஆள். ஒரே நாளில் நாட்டின் எல்லா பிஷப்மாரும், பல்கலைக்கழகமும் அவருடைய அமைச்சின் கீழே.

போன வைகாசியில் ஒரு ஓய்வு நாளில் ஸ்டாதிலுக்குப் போனேன். இல்லத்தில் நான் பார்க்கும் அம்மா ஒருவர், தொண்ணூறைத் தாண்டியவர், "தொப்பியைப் பிடித்துக்கொண்டு போ, அங்கே காற்றுக்கு மரியாதை தெரியாது" என்று சொல்லித்தான் அனுப்பினார். சொன்ன மாதிரியே. நிலம் தட்டை, வானம் முழுக்க வாத்துக் கூட்டம், மரமெல்லாம் கிழக்குப் பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கிறது. தேவாலயத்துக்குள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த தங்க முலாம் பூசிய செப்புப் பலிபீடம் இருக்கிறது. இந்த மணல் காட்டுக்குள் அப்படி ஒரு பொன்மினுக்கம் எதிர்பார்க்கவே மாட்டீர்கள். எனக்குக் கண் போனது அதில் இல்லை, சுவரில் மாட்டியிருந்த பாடல் இலக்கப் பலகையில்தான். அன்றைக்கு எந்தெந்தப் பாட்டு என்று இலக்கத்தைச் செருகி வைப்பார்கள். அவரும் ஞாயிறு தோறும் அப்படி ஒரு பலகையைப் பார்த்துத் தொண்டையைச் செருமியிருப்பார். அதே இடத்தில் நானும் ஒருக்கால் செருமிப் பார்த்தேன். எதிரொலி நன்றாகத்தான் வந்தது.

அமைச்சராக அவர் செய்ததில் இரண்டு சட்டங்களைச் சொல்ல வேண்டும். இரண்டும் 1903. ஒன்று, ஒவ்வொரு தேவாலயத்துக்கும் சனம் தேர்ந்தெடுக்கிற சபை. அதில் பெண்களும் வாக்களிக்கலாம், போட்டியும் போடலாம். நாடாளுமன்ற வாக்குக்கு 12 வருடம் முன்னால், பெண்கள் முதன்முதலில் வாக்குச் சீட்டைத் தொட்ட இடங்களில் ஒன்று இந்தத் தேவாலயச் சபை. ஊராட்சித் தேர்தலில் பெண்களுக்கு வாக்கு வந்தது 1908இல், அப்போது அவர் பிரதமர்.

மற்றது எனக்கு இன்னும் நெருக்கமானது. அதுவரை கிராமப் பள்ளிக்கூடம் ஒரு முட்டுச் சந்து. பதினான்கு வயதில் படிப்பு முடிந்தது, பிறகு மாட்டோடுதான் வாழ்க்கை. பல்கலைக்கழகத்துக்குப் போகிற பாதை நகரத்து லத்தீன் பள்ளிகளில் தொடங்கியது, இரண்டுக்கும் நடுவில் பாலம் இல்லை. கிறிஸ்டென்சனின் சட்டம் நான்கு வருட நடுநிலைப் பள்ளி என்று ஒரு பாலம் போட்டது. சாதாரணப் பள்ளியில் படிக்கிற பிள்ளை அதில் ஏறி, மூன்று வருட உயர்நிலைப் பள்ளிக்குப் போகலாம். பழைய மொழிகள், புதிய மொழிகள், கணிதமும் இயற்கை அறிவியலும் என்று மூன்று பிரிவு. பெண்பிள்ளைகளுக்கும் அதே கதவு. நடுநிலைப் பள்ளி பின்னால் போய்விட்டது. அந்த மூன்று வருடம் மட்டும் அப்படியே நிற்கிறது. என் மகள் அந்த மூன்று வருடத்தை முடித்து, வெள்ளைத் தொப்பி போட்டு, லொறியின் பின்னால் நின்று கத்திக்கொண்டு ஊரைச் சுற்றினாள். லொறி எங்கள் வீட்டு வாசலில் நின்றபோது ஏறியிருந்த முப்பது பேருக்கும் நான் கொடுத்தது ரோல்ஸும் குளிர்பானமும். யாருக்கு நன்றி சொல்வது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

1905 ஜனவரியில் கிறிஸ்டென்சன் பிரதமர். பாதுகாப்பு அமைச்சும் அவரிடமே. அதே வருடம் கட்சி பிளந்தது. ராணுவச் செலவு வேண்டாம் என்றவர்கள் வெளியேறி ராடிகாலெ வென்ஸ்ட்ர என்று தனிக் கட்சி தொடங்கினார்கள். வென்ஸ்ட்ர என்றால் இடது என்று அர்த்தம். இன்றைக்கு அந்தக் கட்சி வலது பக்கம் நிற்கிறது, பெயர் மட்டும் இடது. இங்கே வந்த புதிதில் நான் இதில் பட்ட குழப்பம் சொல்லி மாளாது.

பிரதமர் வாத்தியாரிடம் எனக்குப் பிடிக்காத ஒரு குணம் இந்தக் காலத்தில்தான் தெரிகிறது. முக்கியமான காரியங்களை ஒருவருக்கும் சொல்லாமல் தன் மேசை லாச்சிக்குள் வைத்திருப்பது. 1906இல் லுட்கன் என்ற ராணுவ அதிகாரியை ஜெர்மன் தலைமைத் தளபதி மோல்ட்கெயோடு இரகசியமாகப் பேச அனுப்பினார். போர் வந்தால் டென்மார்க் எந்தப் பக்கம் என்பது பற்றிய பேச்சு. தன் சொந்த வெளிநாட்டு அமைச்சருக்கே அதைச் சொல்லவில்லை. சின்ன நாடு, பெரிய பக்கத்து வீட்டுக்காரன், பயம் நியாயமானதுதான். ஆனாலும் வகுப்பில் தலைமை மாணவனுக்குக் கூடச் சொல்லாமல் பரீட்சை வினாத்தாளைத் தானே வைத்திருக்கும் வாத்தியார் அவர். அப்படிப்பட்டவர் ஒரு ஆளை மட்டும் முழுக்க நம்பினார்.

அந்த ஆள் பீட்டர் ஆட்லர் ஆல்பெர்ட்டி. 1901 முதல் நீதி அமைச்சர். வழக்கறிஞர், கோபன்ஹேகன் இருக்கும் சீலாந்துத் தீவின் கமக்காரர் சேமிப்பு வங்கியின் தலைவர், வெண்ணெய் ஏற்றுமதிச் சங்கத்தின் தலைவர். சீலாந்துக் கமக்காரரின் சேமிப்பும் வெண்ணெயும் அவருடைய கையால்தான் போய் வந்தன. கிறிஸ்டென்சனின் பலம் யூட்லாந்தில். சீலாந்தில் ஆள் வேண்டுமென்றால் ஆல்பெர்ட்டி வேண்டும். வன்முறைக் குற்றவாளிகளுக்குச் சவுக்கடி கொடுக்கலாம் என்று 1905இல் சட்டம் கொண்டு வந்ததும் இதே நீதி அமைச்சர்தான்.

வங்கிக் கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று எதிர்க்கட்சிகளும் பத்திரிகைகளும் கனநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தன. கிறிஸ்டென்சன் தன் அமைச்சருக்காக எழுந்து நின்றார். ஒரு தடவை இல்லை, பல தடவை. 1908இல் அரச கருவூலத்தில் இருந்து அந்த வங்கிக்கு 15 இலட்சம் குரோனர் கடனும் கொடுத்தார். ஜூலையில் ஆல்பெர்ட்டி பதவி விலகினார். செப்டம்பர் 8ஆம் தேதி தானாகவே நடந்து போய்ப் பொலிஸில் சரணடைந்தார். வெண்ணெய்க் கணக்குப் பொய், வங்கிப் பத்திரங்கள் பொய், லண்டனில் தங்கச் சுரங்கப் பங்குகளில் விட்டது எல்லாம் ஊரார் காசு. ஒன்றரைக் கோடி குரோனருக்கு மேல். ஒரு நாட்டின் நீதி அமைச்சராக ஏழு வருடம் இருந்த காலம் முழுக்க அந்த மனிதர் கள்ளக் கணக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தார். வேலி பயிரை மேய்ந்த கதை நமக்குப் புதிதில்லை. இங்கே வேலி மேய்ந்தது மட்டுமில்லாமல், மற்ற மாடுகளுக்குச் சவுக்கடிச் சட்டமும் போட்டது.

எட்டு வருடச் சிறை. ஆல்பெர்ட்டியை அடைத்தது ஹோர்சன்ஸ் சிறையில். கிறிஸ்டென்சன் ஆசிரியப் பயிற்சி எடுத்த கெட்வெட், ஹோர்சன்ஸுக்குப் பக்கத்து ஊர்.

இந்த இடத்தில் என் அப்பாவின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எனக்கு ஐந்து வயது இருக்கும்போது நடந்தது, அம்மா சொல்லித்தான் தெரியும். சீனிக்குக் கூப்பன் இருந்த காலம். ஊர்க் கூட்டுறவுக் கடைக்கு அப்பா கௌரவப் பொருளாளர். மனேச்சர் அப்பாவின் சிநேகிதர், ஒன்றாகப் படித்தவர். மாத முடிவில் கையிருப்புப் புத்தகத்தைக் கொண்டு வருவார், விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடிப்பார்கள், அப்பா கையெழுத்துப் போடுவார். மூட்டையை எண்ணிப் பார்க்கிறதற்குக் கடை நூறு யார் தூரம்தான். அப்பா போனதில்லை. ஒரு நாள் மேலிடத்தில் இருந்து வந்து எண்ணினார்கள். சீனி குறைவு. விசாரணையில் அப்பாவில் பிழை இல்லை என்று எழுதினார்கள். சிநேகிதர் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போனார். அம்மாவின் சங்கிலி அடைவுக்குப் போனது, ஏனென்றால் குறைந்த காசை ஊருக்குக் கட்ட வேண்டும் என்று அப்பா நின்றார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கடைப் பக்கம் போகவே இல்லை. பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் சுற்றுப் பாதையால்தான் போவார். எங்களுக்குத் தெரிந்து அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததும் இல்லை.

பிள்ளைகளின் கொப்பியில் மட்டும் அப்பா இதற்கு நேர்மாறு. விடை சரி என்றாலும் வழி பார்க்காமல் சரி போட மாட்டார். நான் வீட்டில் செய்த கணக்குக்கு, விடை சரியாக இருந்தும், "இது எங்க இருந்து வந்தது?" என்று சிவப்பு மையால் எழுதி வைத்தவர். அப்படிப்பட்டவர் விறாந்தையில் ஏன் அப்படிக் கையெழுத்துப் போட்டார்? பிள்ளைகளிடம் சந்தேகப்படுவது தொழில். சமமான ஆளிடம், நமக்காக நின்ற ஆளிடம் கணக்கைக் காட்டு என்று கேட்பதற்கு வேறு ஒரு மனம் வேண்டும். இருபது வருடம் வகுப்பறையில் எல்லாருக்கும் மேலே நின்று பழகியவருக்கு அந்த மனம் இலேசில் வருவதில்லை. இது என் ஊகம்தான். ஆனால் கிறிஸ்டென்சனின் கதையில் எந்த வரலாற்றாசிரியரின் விளக்கத்தையும் விட எனக்கு இது பொருந்துகிறது. தேர்தல் கணக்கு ஒரு காரணம், மறுக்கவில்லை. அது மட்டும் என்றால் கடன் கொடுத்திருக்க மாட்டார்.

1908 அக்டோபரில் அவருடைய அரசாங்கம் போனது. ஒரு வருடம் கூடப் பொறுக்கவில்லை, 1909இல் வேறொருவரின் அமைச்சரவையில் பாதுகாப்பு அமைச்சராகத் திரும்பி வந்தார். கண்டனம் தாங்காமல் அக்டோபரில் விலக வேண்டியதாயிற்று. அவர் கட்சியில் இருந்து பிரிந்து போன ராடிகாலெகாரர் சாலே பிரதமரானார். அமைச்சர்களை விசாரிக்கும் உயர் நீதிமன்றமான ரிக்ஸ்ரெத்தன் முன்னால் வழக்கு வைக்கப்பட்டது. குற்றச்சாட்டு, திருடினார் என்பதல்ல. கவனிக்க வேண்டியதைக் கவனிக்கவில்லை, எச்சரித்தும் பார்க்கவில்லை என்பது. 1910இல் தீர்ப்பு: கிறிஸ்டென்சன் விடுதலை. கூட நின்ற முன்னாள் உள்நாட்டு அமைச்சர் சிகுர்ட் பெர்க்குக்கு 1000 குரோனர் தண்டம். சேமிப்பு வங்கிகளை மேற்பார்வை செய்வது அவருடைய அமைச்சின் பொறுப்பு. இந்தச் சிகுர்ட் யார் தெரியுமா? பொலிஸ் அதிகாரிக்கு மேடையில் இடம் கொடுக்காமல் சிறைக்குப் போன கிறிஸ்தன் பெர்க்கின் மகன். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள் எங்கள் ஊரில். நான் அதைச் சொல்லக்கூடாது.

ரிக்ஸ்ரெத்தன் என்ற சொல்லை டென்மார்க்கில் உள்ள தமிழர் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1910 தீர்ப்புக்குப் பிறகு அந்த நீதிமன்றம் 85 வருடம் ஒரு தீர்ப்பும் சொல்லவில்லை. அடுத்த தீர்ப்பு 1995இல், எங்கள் சனத்தின் பெயரிலேயே அறியப்படும் 'தமிழ் வழக்கில்'. 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு மனுக்களைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைக்கச் சொன்னார். 1989இல் பிரதமர் ஷ்லூட்டர் நாடாளுமன்றத்தில் எழுந்து, கம்பளத்துக்கு அடியில் எதையும் கூட்டித் தள்ளவில்லை என்றார். 1993 ஜனவரியில் விசாரணை அறிக்கை வந்ததோடு அவருடைய பதவி போனது. நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத் தண்டனை. நான் கல்யாணம் கட்டி இங்கே வந்து சேர்ந்தது 1997இல். ஹேர்னிங் பிள்ளையார் கோயில் வாசலில் அப்போதும் வயதானவர்கள் அந்த வழக்கைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதவை அதற்கு முன்னால் கடைசியாகத் திறந்தது ஸ்டாதில் வாத்தியாருக்காக என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்திருக்காது.

விடுதலை ஆனவர் வீட்டில் போய் இருந்தாரா? இல்லை. ரிங்கோபிங் சனம் திரும்பத் திரும்ப அனுப்பியது. 1910இல் பிரிந்து கிடந்த வென்ஸ்ட்ர துண்டுகள் ஒன்றாயின, அவர் அதன் முன்னணியில். 1915 அரசியலமைப்புக்காக, தன்னைக் கூண்டில் ஏற்றிய அதே சாலேயோடு உட்கார்ந்து உடன்பாடு செய்தார். 1916இல், முதலாம் உலகப் போர் நடுவில், சாலேயின் அரசாங்கத்தை உள்ளேயிருந்து கண்காணிக்க மற்ற மூன்று பெரிய கட்சிகளில் இருந்தும் ஒவ்வொரு அமைச்சரைப் போட்டார்கள். 'கட்டுப்பாட்டு அமைச்சர்' என்று பெயர். வென்ஸ்ட்ர அனுப்பிய ஆள் கிறிஸ்டென்சன். கண்காணிக்கத் தவறினார் என்று விசாரிக்கப்பட்டவருக்குக் கண்காணிக்கும் வேலை. இதை யாராவது வேண்டுமென்றே செய்தார்களா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

ஐஸ்லாந்து விஷயம் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் அவரை எனக்குப் பிடிக்கிறது. 1907இல் பிரதமராக ராசா எட்டாம் ஃபிரெட்ரிக்கோடு ஐஸ்லாந்து போனார். ராசா விருந்துப் பேச்சில் "என் இரண்டு ராச்சியங்களும்" என்று சொல்லிவிட்டார், ஐஸ்லாந்தும் ஒரு தனி ராச்சியம் என்கிற மாதிரி. கிறிஸ்டென்சனின் முகம் சுருங்கியது. பதினொரு வருடம் கழித்து, 1918இல், ஐஸ்லாந்தோடு பேச ரெய்க்யாவிக் போன டேனிஷ் குழுவில் அவரும் இருந்தார். அந்த வருடம் டிசம்பர் 1ஆம் தேதி ஐஸ்லாந்து தனி ராச்சியமானது. ராசா வாய் தவறிச் சொன்னதை வாத்தியார் கையெழுத்துப் போட்டுச் சரியாக்கினார். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பார்த்துத்தான் போட்டிருப்பார்.

1920 முதல் 1922 வரை மறுபடி தேவாலய அமைச்சர். 1924இல் ஃபோல்கெதிங்கை விட்டார். 1930 டிசம்பரில், ரிங்கோபிங்குக்குப் பக்கத்தில் ஹே என்ற ஊரில் இறந்தார்.

ஸ்டாதிலில் இருந்து வந்த அன்று இரவு அப்பாவுக்கு வைபரில் எடுத்தேன். அவருக்கு இப்போது 86. கண் மங்கல், காது பரவாயில்லை. கதை முழுவதையும் கேட்டார், வகுப்பில் கேட்கிற மாதிரி நடுவில் நிற்பாட்டி நிற்பாட்டி.

"அவர் பிறகு படிப்பிக்கப் போகேல்லையோ?"

"இல்லை அப்பா. கடைசி வரைக்கும் அரசியல்தான்."

"மற்ற ஆள்? அந்த வெண்ணெய்க்காரன்?"

"1917இல வெளியில விட்டிட்டினம். 1932இல ட்ராம் அடிச்சுச் செத்தவர்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று பார்த்தேன். திரையில் அவருடைய நெற்றியும் பின்னால் சுவர் மணிக்கூடும் தெரிந்தன.

"பதினொரு மூட்டை பிள்ளை," என்றார். "கொப்பியில பதினொண்டு. கடையில நாலு."

பிறகு வேறு கதை கதைத்தோம்.